பி.காம். நடுவில் ஸ்பானிஷ்: ஓசூர் அப்பாவுக்கு ஒரு பதில்

சார், உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் படித்து என்ன ஆகப்போகிறது என்பது ஒன்று. பி.காம். இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு டெல்லிக்குப் போய் ஸ்பானிஷ் பி.ஏ. சேருகிறேன் என்கிறாளே, விடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: பி.காமை நிறுத்த வேண்டாம். அந்தக் கோபத்தில் ஸ்பானிஷையும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பெண் டெலே என்ற ஸ்பானிஷ் தேர்வில் ஏ2 நிலை (ஏ1இலிருந்து சி2 வரையிலான ஆறு படிகளில் இரண்டாவது) தேறியிருக்கிறாள். அதை "ஏதோ ஆன்லைன் சர்டிபிகேட்" என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் செர்வாந்தஸ் நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ் அது, காலாவதியே ஆகாது. படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது நான்கையும் சோதிப்பார்கள். மொத்தத்தில் 100க்கு 60 எடுத்தாலும் போதாது. இரண்டாகப் பிரித்த பகுதிகள் ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வர வேண்டும். கல்லூரிப் படிப்புக்கு நடுவே இதைச் செய்த பெண்ணை விளையாட்டுப் பிள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஏ2 வைத்து வேலை கிடைக்காது. அடுத்த படியான பி1 வைத்தும் பெரும்பாலும் கிடைக்காது. சென்னையிலும் பெங்களூரிலும் ஸ்பானிஷ் கேட்கும் கம்பெனிகள் பொதுவாக அதற்கும் அடுத்த படியான பி2விலிருந்துதான் பேசவே ஆரம்பிக்கின்றன. சான்றிதழைப் பார்ப்பதோடு விடமாட்டார்கள், போனில் ஒருவரைப் பேசவிட்டுச் சோதிப்பார்கள்.

சில மாதங்களாக முன்னேற்றமே இல்லை என்று அவள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அது எதிர்பார்த்ததுதான். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷின் ஆரம்பம் சுகமாகப் போகும். உயிரெழுத்து ஒலிகள் ஐந்துதான், எழுதியபடியே உச்சரிக்கலாம். நாக்கை உருட்டும் ரகரம் நமக்குப் பெரிய பாடு இல்லை. "வந்தேன்" என்றாலே "நான்" அதில் அடங்கிவிடுவது போல அங்கேயும் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். பி1க்குப் போகும்போதுதான் வழி செங்குத்தாகிறது. இறந்த காலம் இரண்டு வகையாகப் பிரிகிறது. "அவர் வருவார் என்று நினைக்கிறேன்" என்பதற்கு ஒரு வினை வடிவம், "வருவார் என்று நினைக்கவில்லை" என்பதற்கு வேறு வடிவம். பலர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். சீரியல் பார்த்தால் காது பழகும், வாய் பழகாது. வாரத்தில் சில மணி நேரமாவது எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பேச வேண்டும், எழுதியதைத் திருத்தித் தர வேண்டும். செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள்.

பி.காமை ஏன் விடக்கூடாது என்கிறேன் தெரியுமா? ஸ்பானிஷ் வாடிக்கையாளர்களின் கணக்கு, விலைப்பட்டியல் வேலைகளில் மொழியும் கணக்கும் சேர்ந்து தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். அங்கே பண்பாடு என்பது ஃபிளமெங்கோ நடனத்தில் மட்டும் இல்லை. ஸ்பெயின்காரர் 1.250,50 என்று எழுதினால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட். புள்ளியும் காற்புள்ளியும் நமக்குத் தலைகீழ். அதே மொழி பேசும் மெக்சிகோவில் நம்மைப் போலவே எழுதுகிறார்கள். நம் ஜிஎஸ்டி போன்ற விற்பனை வரி ஸ்பெயினில் பொதுவாக 21 சதவீதம், மெக்சிகோவில் 16. ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும், வழக்கமாக அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது பிறகு. கடைசிப் பெயரை வைத்துக் கோப்பில் தேடினால் ஆளே கிடைக்கமாட்டார். ஸ்பெயினில் சீக்கிரமே "நீ" என்ற உரிமைக்கு வந்துவிடுவார்கள், கொலம்பியாவின் போகோட்டாவில் மரியாதை வடிவம் வீட்டுக்குள்ளேகூடப் புழங்கும். இந்த நுணுக்கங்கள் தெரிந்த வணிகவியல் பட்டதாரிக்கு மதிப்பு உண்டு.

ஷிப்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிறகு கேட்பீர்கள். ஸ்பெயின் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மதியம் போனால் இரவு பத்து, பத்தரைக்கு முடியும். மெக்சிகோ நகரம் பதினொன்றரை மணி நேரம் பின்னால், அதாவது முழு இரவு வேலை. நேர்முகத் தேர்விலேயே எந்த நாட்டு வாடிக்கையாளர் என்று கேட்கச் சொல்லுங்கள்.

டெல்லி விஷயம். ஜேஎன்யுவிலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் பி.ஏ. உண்டு, நல்ல படிப்புதான். இலக்கியம், மொழிபெயர்ப்பு, கற்பித்தல் என்று மனம் போகிறவர்களுக்கானது. சியூஇடி நுழைவுத் தேர்வு எழுதி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு அந்த ஆசை நிஜமாகவே இருக்கிறதா, இல்லை காஸ்ட் அக்கவுண்டிங் பிடிக்காமல் ஓடப் பார்க்கிறாளா என்று நிதானமாகக் கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவது மாதிரிதான் தெரிகிறது. (ஸ்பானிஷ் தெரிந்தால் வெளியுறவுப் பணியான ஐஎஃப்எஸ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேறியவர்களுக்குத்தான் மொழி ஒதுக்குவார்கள்.)

அடுத்து, ஸ்பெயினில் உள்ள சலமாங்காவுக்குக் கோடை வகுப்புக்குப் போகும் யோசனை. 1218இல் தோன்றிய பல்கலைக்கழகம், வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதில் பேர் பெற்றது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது வேண்டாம். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கினால் மதியச் சாப்பாடு இரண்டு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சாப்பிட்டு முடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள், மேசையிலேயே நெடுநேரம் அரட்டை ஓடும். மொழி ஏறுவது அந்த அரட்டையில்தான். ஏ2வோடு போனால் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வகுப்பு முடிந்ததும் மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசுவாள். பி1 முடித்துவிட்டுப் போனால் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு பலன்.

ஆக, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் பி1, பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருடத்தில் பி2 என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு அவசரமாகச் சான்று தேவைப்பட்டால் கணினியில் எழுதும் சியேலே தேர்வு இருக்கிறது. முடிவு சீக்கிரம் வரும், ஆனால் ஐந்து ஆண்டுதான் செல்லும்.

நீங்கள் இருப்பதோ ஓசூரில். அங்கே தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் வண்டிகள் கொலம்பியா வரை போகின்றன; சென்னையின் ராயல் என்ஃபீல்ட் 2020இல் அர்ஜென்டினாவிலேயே வண்டி பூட்ட ஆரம்பித்தது. உதிரிபாகத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறீர்கள், ஏற்றுமதிப் பிரிவில் லத்தீன் அமெரிக்கக் கணக்கைப் பார்க்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரை நாள் உங்கள் பெண்ணை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரேசில் கணக்கு மட்டும் வேண்டாம், அங்கே போர்த்துகீசியம். வீட்டுக்கு வந்து பி.காம். பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள், கல்லூரிக்குக் கடிதம் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.