சில புதிர் கேம்கள் விடாமல் இழுக்கின்றன, சில எரிச்சலூட்டுகின்றன. ஏன்?

என்னைப் பொறுத்தவரை ஒரே சோதனைதான். தோற்றது என் பிழை என்று தெரிந்தால் திரும்ப விளையாடுவேன். ஏன் தோற்றேன் என்றே விளங்காவிட்டால் போனை வைத்துவிடுவேன்.

சோகோபானைப் பாருங்கள். 1981இல் ஹிரோயுகி இமபயாஷி என்ற ஜப்பானியர் உருவாக்கியது. திரையில் இருக்கும் ஒரு ஆளை நகர்த்தி, பெட்டிகளைத் தள்ளி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். வேறு விதியே இல்லை.

அப்பா இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்). ஒரு மழை இரவு அடுப்படியில் நான் விளையாடுவதை எட்டிப் பார்த்தார். ஒரு பெட்டியை மூலையில் தள்ளிவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

"இவனுக்கு ஏன் அத இழுக்க ஏலாது?"

"ஏலாதுப்பா, அதுதான் கேமே."

"அப்ப அந்த மூலைக்கு அனுப்பியிருக்கவே கூடாது."

அப்புறம் பத்து மணி வரை போன் அவர் கையில்தான். கேம் பக்கமே போகாத மனுசன்.

ஆனால் மூலையில் மாட்டியது கடைசியில்தான் தெரியும். பிழை விட்டது பத்து நகர்வுக்கு முன்னால். அங்கே பின்னோக்கிப் போகும் பட்டன் இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பட்டன் இருந்தால் புதிர் சப்பென்று ஆகிவிடும் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2008இல் வந்த பிரெயிட் கேமில் நேரத்தையே பின்னால் ஓட்டலாம். இருந்தும் மூளை காய்ந்துவிடும். யோசிப்பது கஷ்டமாக இருக்கட்டும், யோசித்ததைச் செய்து பார்ப்பது எதற்குக் கஷ்டமாக இருக்க வேண்டும்?

இதற்கு நேர் எதிர், தங்கச்சி போனில் இருந்த ஒரு மிட்டாய் கேம். இன்னும் ஒரே ஒரு நகர்வு கிடைத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்ற இடத்தில் தோற்போம். மேலிருந்து என்ன நிறம் விழும் என்பது நம் கையில் இல்லை, அதனால் தோற்றதிலிருந்து படிக்கவும் ஒன்றுமில்லை. அடுத்த உயிருக்கு அரை மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் விளம்பரம் பார். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஒரு கோடு சிக்னலில் அந்த விளம்பரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சோகோபானில் ஒரு நிலை மூன்று நாளாக முடியவில்லை. தலவாக்கலையில் பஸ் நின்றபோது, கேமைப் பற்றி நினைக்கவே இல்லை, திடீரென்று வழி தெரிந்தது. போனில் சார்ஜ் இல்லை. நுவரெலியா போய்ச் சேரும்வரை டிக்கட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டே போனேன்.