விசுவாச முதிர்ச்சி: நீங்கள் கேட்டவை

வேதாகமத்தில் எபிரெயர் 5, 6 அதிகாரங்களை வாசித்துவிட்டு அனுப்பிய கேள்விகள் இவை. கலியாணம், ஞானஸ்நானம் பற்றிக் கேட்டவர்கள் உங்கள் போதகரிடமோ பாதரிடமோ போங்கள், அதற்குள் நான் வரவில்லை.

பரந்தன் தம்பி: சபைக்கு வந்து பல வருசம், சேர். நான் முதிர்ந்தவனா?

வருசக் கணக்கு உதவாது. எபிரெயர் 5:12 இல் பேச்சு வாங்குகிறவர்களே பழைய ஆட்கள்தான். போதிக்க வேண்டிய காலத்திலும் குழந்தைபோல் பாலுக்கு, அதாவது ஆரம்பப் பாடத்துக்கு, நிற்கிறார்கள். 14ஆம் வசனத்தைப் பாருங்கள்: நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகியவர்களுக்கே பலமான ஆகாரம். சங்கக் கணக்கில் பொய்க் கையெழுத்து வைக்கச் சொல்லும்போது உங்கள் கை தயங்குகிறதா? அங்கே தெரியும். பக்கத்து வாங்கில் இருப்பவரை அளக்க மட்டும் போகாதீர்கள்.

மாங்குளம் அக்கா: "பூரண சற்குணராயிருங்கள்" என்பது நமக்கு ஆகிற காரியமா?

மத்தேயு 5:48ஐத் தனியே பிடுங்கினால் பயமாகத்தான் இருக்கும். 45இலிருந்து வாசியுங்கள், நல்லவன் வயலுக்கும் கெட்டவன் வயலுக்கும் ஒரே மழை. ஆள் பார்த்துக் கொடுக்காத அன்பைத்தான் கேட்கிறார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் பூரணம் என்றால் தேவனை முழு இருதயத்தோடும் அயலவனைத் தன்னைப் போலவும் நேசிப்பது என்றார், அதற்குப் பிறகும் மனுசனுக்கு அறியாமையும் பிழையும் இருக்கும் என்று சேர்த்தே சொன்னார். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமார் அவர் வழிவந்தவர்கள்.

முழங்காவில்: அன்னிய பாஷை பேசினால்தான் முதிர்ச்சியா?

1 கொரிந்தியர் 13:1, அன்பில்லாவிட்டால் எந்தப் பாஷையும் சத்தமிடுகிற வெண்கலம்தான். வாசியுங்கள், போதும்.

கிளிநொச்சித் தங்கச்சி: 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டத்தில் அம்மாவும் அண்ணாவின் படத்தோடு இருந்தவ. "மன்னித்துவிட்டு வீட்டில் இரும், அதுதான் முதிர்ச்சி" என்று சபையில் சொல்கிறார்கள்.

சொல்கிறவர்கள் ரோமர் 12:19ஐக் காட்டுவார்கள், பழிவாங்குதல் கர்த்தருக்குரியது என்று. சரி. உங்கள் அம்மா யாரைப் பழிவாங்கக் கேட்டா? மகன் எங்கே என்றுதான் கேட்கிறா. அதே அதிகாரத்தில் 15ஆம் வசனம், அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பது, அவர்கள் கண்ணில் படவில்லையா? லூக்கா 18இல் நீதி கேட்டு அநீதியுள்ள நியாயாதிபதியை அலுப்புக்கொடுத்த விதவையை இயேசு கண்டிக்கவில்லை, அவளைக் காட்டித்தான் சோர்ந்துபோகாமல் ஜெபிக்கச் சொன்னார். பகையை மனதில் வளர்க்காமல் இருப்பது வேறு, கேள்வியைக் கைவிடுவது வேறு. அம்மாவை அளக்க அவர்களுக்கு யார் கோல் கொடுத்தது?

முள்ளியவளை அண்ணை: சேர், கர்த்தர் சிலுவையிலேயே மன்னித்தாரே?

மன்னித்தார் அண்ணை. தொங்கினவர் தானாகச் சொன்னார். கீழே நின்ற ஒருவரும் "மன்னியும்" என்று அவருக்குப் புத்தி சொல்லவில்லை. நாம் நிற்கிற இடம் கீழே.

முள்ளியவளை அண்ணை: அப்போ மன்னிப்பைப் பிரசங்கிக்கவே கூடாதா?

பிரசங்கியுங்கள், உங்கள் கடன்காரனில் தொடங்கி. அந்த அம்மாவிடம் போவதென்றால் பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள், வசனம் வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: ஜெபிக்கும்போது மனம் மரத்துக் கிடக்கிறது. இது முழு மனதான அன்பா?

தேவனில் அன்புகூரச் சொல்லும் மாற்கு 12:30இல் இருதயம், ஆத்துமா, மனம் மூன்றோடு பலமும் இருக்கிறது. போர் முடிந்த 2009க்குப் பிறகு எத்தனையோ பேருக்கு உருக்கம் வருவதில்லை, அது விசுவாசக் குறைவு அல்ல. படுக்கையில் கிடக்கிற அயல்வீட்டு ஆச்சிக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் பலம் இருக்கிறதா? அதுவும் கணக்கில் சேரும். நித்திரையும் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விசுவமடு: எத்தனை மணி நேரம் ஜெபித்தால் முதிரலாம்?

தம்பி, பரந்தனுக்குச் சொன்னதை வாசியும். இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களுக்கும் அதுதான்.