மழையால் உதைபந்தாட்டம் பாதியில் கைவிடப்பட்டால் அதுவரை போட்ட கோல்கள் செல்லுமா?

கேட்டவர் தன் ஊர்ச் சுற்றுப்போட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அரையிறுதி ஆட்டம், ஒரு அணி 2–0 என்று முன்னுக்கு நிற்கிறது, மழை கொட்டுகிறது, மைதானத்தில் வெள்ளம் நிற்கிறது, நடுவர் ஆட்டத்தைக் கைவிடுகிறார். வென்றது யார் என்பதுதான் கேள்வி.

யாரும் வெல்லவில்லை. உலகம் முழுக்கப் பொதுவான ஆட்ட விதிகளில் 7ஆம் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. கைவிடப்பட்ட ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். போட்டியின் விதிகளோ ஏற்பாட்டாளர்களோ வேறு மாதிரி முடிவு செய்தால் மட்டும் அதன்படி செய்யலாம். உங்கள் சுற்றுப்போட்டியின் விதித்தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஏற்பாட்டுக் குழுவும் வேறு முடிவு எடுக்கவில்லை என்றால், அந்த இரண்டு கோல்களும் போனவைதான். மறு ஆட்டம் 0–0 இலிருந்து தொடங்கும்.

இது கொடுமையாகத் தெரியலாம். 1961 ஜனவரி 28ஆம் திகதி நடந்ததோடு ஒப்பிட்டால் உங்கள் அரையிறுதி பரவாயில்லை. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியில் லூட்டன் டவுனுக்கு எதிராக மான்செஸ்டர் சிற்றி 6–2 என்று முன்னணியில் நின்றது. ஆறு கோல்களையும் போட்டவர் ஒரே ஆள், டெனிஸ் லோ. 69ஆவது நிமிடத்தில், இந்தச் சேற்றில் இனி ஆட முடியாது என்று நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். சில நாட்களில் மறு ஆட்டம் நடந்தது. லூட்டன் 3–1 என்று வென்றது. சிற்றியின் அந்த ஒரே கோலையும் போட்டவர் லோதான். முதல் ஆட்டத்தில் போட்ட ஆறும் கணக்கில் ஏறவே இல்லை.

இந்த வழமை எல்லா இடத்திலும் இப்போது இல்லை. இத்தாலி, ஸ்பெயின் முதல்தர லீக்குகளில் ஆட்டம் நின்ற நிமிடத்திலிருந்து, அதே கோல் கணக்கோடு பிறகு தொடர்கிறார்கள். என் மனதுக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. ஒரு மணிநேரம் சேற்றில் உழைத்துப் போட்ட கோலை மழையின் பெயரால் பறிப்பது சரியில்லை. ஆனால் அதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு கூடிப் பேசினால், முன்னுக்கு நின்ற அணி ஒன்று சொல்லும், பின்னுக்கு நின்ற அணி வேறொன்று சொல்லும், இரண்டும் ஒருநாளும் சேராது.

நடுவர் அவசரப்பட்டுவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நான் ஊர்க் கழகமொன்றின் ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவன். இந்த வாக்குவாதத்தை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

நடுவர் செய்யும் சோதனை எளிமையானது. பந்தை நெஞ்சுயரத்திலிருந்து கீழே விடுவார். துள்ளாமல் ‘சொத்’தென்று தண்ணீரில் உட்கார்ந்தால் ஒரு குறி. பிறகு நிலத்தோடு உருட்டி விடுவார். இரண்டு பக்கமும் தண்ணீரை விசிறிக்கொண்டு போய்ச் சட்டென்று நின்றால் இன்னொரு குறி. கோல்வாசலிலும் பெனால்டி எல்லைக்குள்ளும் தனித்தனியாகப் பார்ப்பார், ஏனென்றால் அதிகம் மிதிபட்டுப் பள்ளமாகி முதலில் வெள்ளம் பிடிப்பது அங்கேதான். சுண்ணாம்புக் கோடு கரைந்து காணாமல் போயிருந்தால், பந்து உள்ளேயா வெளியேயா என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் விட முக்கியம், காலை ஊன்றித் திரும்ப முடிகிறதா என்பது. சப்பாத்து சேற்றில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் போய்விடும்.

ஒரு முறை கரையோரக் கிராமமொன்றின் மைதானத்தில், “இன்னும் இருபது நிமிசம்தானே அண்ணை, விடுங்கோ” என்று ஒரு அணித்தலைவர் கெஞ்சினார். நடுவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “தம்பி, ஆருக்கும் கால் முறிஞ்சா நீரோ பொறுப்பு?” என்று மட்டும் கேட்டார். மைதானமும் வானிலையும் ஆட்டத்துக்கு ஏற்றவையா என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. நல்லெண்ணத்தோடு எடுத்த அந்தத் தீர்மானத்துக்காக அவரைப் பொறுப்பாளியாக்க முடியாது என்று 5ஆம் விதியே சொல்கிறது. அதனால்தான் காத்திருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருஜியாவில், இத்தாலி லீக்கின் கடைசி நாளில், நடுவர் கொலினா ஒரு மணிநேரத்துக்கு மேல் காத்திருந்து இரண்டாம் பாதியை நடத்தினார். யுவென்டஸ் 1–0 என்று தோற்றது, சாம்பியன் பட்டம் லாட்சியோவுக்குப் போனது.

அப்படிக் காத்திருந்தால் எங்கள் மைதானம் வடியாதா என்று கேட்பீர்கள். வடியும் மைதானமும் உண்டு, வடியாததும் உண்டு. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் செம்மண் நிலத்தில் ஒரு மணிநேர மழை சீக்கிரம் இறங்கிவிடும், கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால். ஆனால் கடல்நீரேரியை அண்டிய தாழ்நிலத்தில் கதை வேறு. கார்த்திகையில் கிணறுகள் முட்டி நிற்கும் நேரத்தில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடுகிறது. தோட்டத்துக்கு இறைக்கும் வோட்டர் பம்பைக் கொண்டுவந்து வைத்து இறைத்தாலும், அரை மணிநேரத்தில் பள்ளம் மறுபடி நிறையும். இறைத்த தண்ணீர் போக வழியும் இல்லை, ஏனென்றால் வெள்ளவாய்க்காலே நிரம்பி நிற்கிறது. மேலே மணலையும் மரத்தூளையும் கொட்டுவது பார்வைக்கு மட்டும்தான் உதவும்.

மின்னலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்களுக்குப் பின்னேரங்களில்தான் இடி மின்னல் அதிகம், ஆட்டங்களும் பின்னேரம்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் திரும்பி வரலாம். எங்கள் சனம் செய்வது என்னவென்றால், மைதானத்தைச் சுற்றி நிற்கும் பனைகளுக்குக் கீழே ஒதுங்குவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ, மூடிய வாகனத்துக்கோ போங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? விதித்தாளில் ஒன்றும் இல்லாவிட்டாலும் முடிவெடுக்கும் அதிகாரம் ஏற்பாட்டுக் குழுவுக்கு இருக்கிறது. ஆனால் 2–0 ஐ வெற்றியாக அறிவித்தால் ஊருக்குள் பகை வளரும். முழு ஆட்டத்தையும் மறுபடி வைப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு கழகமும் மனமொத்துக் கையெழுத்து வைத்தால் மட்டும், நின்ற நிமிடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்த வருட விதித்தாளில் எழுத வேண்டியது அதிகமில்லை: ஆட்டம் நின்றால் நடுவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார், மறு ஆட்டமா தொடர்ச்சியா, முதல் ஆட்டத்தில் காட்டிய சிவப்பு அட்டை செல்லுமா, மாற்று மைதானம் எது. சிவப்பு அட்டையைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பெரிய சண்டையும் அதில்தான் வரும். குலுக்கலுக்கு முன்பே எல்லாக் கழகத்துக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் இறுதிக்கட்ட ஆட்டங்களை ஒக்டோபருக்கு முன்பே முடியுங்கள். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரைதான் பெய்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது மைதானத்தை விடுங்கள், வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் நின்றது. தெரிந்துகொண்டே கார்த்திகையில் இறுதியாட்டத்தை வைத்துவிட்டு மழையைத் திட்டி என்ன பயன்?

மைதானத்தையும் இப்போதே கவனியுங்கள். வெள்ளம் வடிந்த கையோடு பெடியள் இறங்கி ஆடினால் ஈரமண் மிதிபட்டு இறுகிவிடும், அடுத்த மழைக்குத் தண்ணீர் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். உழவு இயந்திரத்தையோ உருளையையோ ஈரத்தில் இறக்கவே வேண்டாம். நடந்தால் கால் பதியாத அளவுக்குக் காய்ந்த பிறகு கோல்வாசல் பள்ளங்களுக்கு மண் போட்டு, புல் வேர் பிடிக்கவிட்டு, மறு ஆட்டத்தைத் தைப்பொங்கல் கழித்து வையுங்கள்.