பாறையேற்றத்தில் ‘ரெட்பாயிண்ட்’ என்கிறார்களே, சிவப்புப் புள்ளிக்கும் ஏறுவதற்கும் என்ன தொடர்பு?

அது ஜெர்மன் சொல் ‘ரோட்புங்க்ட்’டின் நேரடி ஆங்கில வடிவம். 1975 வாக்கில், ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் குர்ட் ஆல்பெர்ட் என்ற ஏறுநர், பாறையில் அடித்திருந்த ஆணிகளைப் பிடித்துத் தொங்காமல் கை கால் பலத்தால் மட்டுமே ஏறி முடித்த பாதைகளின் அடியில் சிவப்புப் புள்ளி வரைந்து வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இன்று அதன் பொருள், எத்தனை முறை பழகினாலும் சரி, கடைசியில் ஒரே மூச்சில் விழாமல், கயிற்றில் ஓய்வெடுக்காமல் முன்னேறுநராக (மேலிருந்து தாங்கும் கயிறு இல்லாமல், கயிற்றைத் தானே மாட்டிக்கொண்டு முன்னால் ஏறுபவராக) ஏறி முடிப்பது. முதல் முயற்சியிலேயே, பாதையைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாமல் முடித்தால் ‘ஆன்சைட்’. முதல் முயற்சியிலேயே முடித்தாலும், யாராவது முன்பே குறிப்பு சொல்லியிருந்தால் ‘ஃபிளாஷ்’. இவ்விரண்டையும் ஜெர்மானியர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

கடன் எதிர்த்திசையிலும் உண்டு, ஆங்கிலத்தின் ‘ஆப்சைல்’ (கயிற்றில் இறங்குவது), ‘காராபினர்’ (கொக்கி வளையம்) இரண்டும் ஜெர்மனிலிருந்து வந்தவை. முன்னால் ஏறுவது ஆங்கிலத்தில் ‘லீட்’, ஜெர்மனில் ‘ஃபோர்ஷ்டீக்’.

அப்புறம் ஒரு குழப்பம்: ‘ஃப்ரீ கிளைம்பிங்’ என்றால் கயிறே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கயிறு உண்டு, ஆனால் விழுந்தால் தாங்க மட்டும்தான். கயிறில்லாதது ‘ஃப்ரீ சோலோ’.