தோல் ஒட்டிய காலோடு காலபோகத்துக்கு இறங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. 2009 இல் எறிகணைத் (செல்) துண்டு பட்ட கணைக்கால் புண் முழுதாக ஆறவே இல்லை, அடிக்கடி வெடிக்கும். அது புற்றுநோய் என்று வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டி மூன்று வாரம். ஒட்டிய இடம் ஊதாவாக, வலைக்கண் போலத் தெரிகிறது. அழுகுகிறதா? கிரந்தி, புண்ணைக் கிளறும் என்று மீன், முட்டை கொடுப்பதில்லை. காலபோக நெல் விதைப்புக்கு வயலில் இறங்கலாமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அழுகவில்லை என்றே நினைக்கிறேன். ஒட்டிய தோல் முதல் ஓரிரு நாள் கீழே ஊறும் நீரைக் குடித்து உயிர் பிழைக்கிறது. பிறகுதான் இரத்தக் குழாய்கள் வந்து இணையும். காலைத் தொங்கவிட்டால் இரத்தம் தேங்கி ஊதாவாகும், உயர்த்திப் படுத்தால் வெளிறும். வலைக்கண், கீழே நீர் தேங்காமல் வடிவதற்காகச் சத்திரசிகிச்சையில் போட்ட சிறு துளைகள். மாதங்கள் போக மங்கும். கறுத்துக் கழன்றாலோ, நாற்றமோ சீழோ காய்ச்சலோ வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மீனையும் முட்டையையும் இன்றே கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் அக்கறையில்தான் மறிக்கிறார்கள், ஆனால் புதுத் தோல் புரதத்தில்தான் வளரும். குளத்து மீன் குழம்பு, முட்டை, பருப்பு, முருங்கையிலை எல்லாம் நல்லது. ஒவ்வாமை இருந்தால் மட்டும் விலக்குங்கள். அப்பா பீடி, சுருட்டு பிடிப்பவர் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். புகை மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

தோல் எடுத்த தொடையில் அரிப்பு இருக்கும், சொறிய விடாதீர்கள். ஈரப்புண் எங்கும் இல்லாமல் இரண்டு இடமும் மூடிய பிறகு, தேங்காய் எண்ணெய் மெதுவாகத் தடவலாம். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யாது, காய்ந்து வெடிக்கும். பச்சிலையோ மஞ்சளோ அரைத்துப் பூச வேண்டாம்.

வயலைப் பொறுத்தவரை, இந்தப் போகத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். விதைக்கிற நேரத்தில் வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், திறந்த புண் அதற்கு வாசல். ஒட்டிய இடத்தில் உணர்ச்சியும் குறைவு. மோட்டார் சைக்கிள் சைலன்சர் பட்டுத் தோல் வெந்ததே தெரியாமல், மாலையில் சாரத்தை உயர்த்திக் கொப்புளத்தைக் காட்டியவரைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நடக்கும்போது கிரேப் பண்டேஜ் சுற்றுங்கள். உட்கார்ந்தால் கால் கதிரையில் இருக்கட்டும். வெயில் ஒரு வருடமாவது படக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஆறாத புண்ணில் இப்படிப் புற்றுநோய் வரும், மார்ஜொலின் புண் என்பார்கள். வன்னியில் பழைய காயத்தோடு வாழ்பவர்கள் ஏராளம். அயலில் யாருக்காவது பழைய தழும்பு திரும்பத் திரும்ப வெடித்தால், விளிம்பு தடித்தால், தொட்டதும் இரத்தம் கசிந்தால், சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு மாதம் ஒருமுறை தொடை இடுக்கைத் தடவிப் பாருங்கள். நெறி கட்டியதுபோல உருண்டை தட்டுப்பட்டால், வலியே இல்லாவிட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள்.