கம்பளிக்குள் படிப்பு, கண்ணில் தூக்கமில்லை

கேள்வி: சொந்த ஊர் கூடலூர். ஊட்டியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன செமஸ்டரில் இரண்டு அரியர். நவம்பர் தேர்வை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. குளிருக்குக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டீ குடித்துக் குடித்துப் படிக்கிறேன். புத்தகத்தை மூடினாலும் இரண்டு மணி வரை தூக்கமில்லை. படித்ததெல்லாம் ஹாலில் மறந்துபோகிறது. இது மனநோயா? மாத்திரை போடணுமா?

பதில்: ஒரு கடிதத்தை வைத்து ஆம், இல்லை என்று சொல்வது சரியாக இருக்காது. ஆனால் அதில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கம்பளிதான். கூடலூரைவிட ஊட்டி 1,000 மீட்டருக்கும் மேல் உயரம். உங்களுக்குக் குளிர் தாங்காதது இயல்பு. அதற்காகக் கட்டிலிலேயே பாடம், கவலை, செல்போன் எல்லாம் நடந்தால், படுத்தவுடன் மூளை வேலைக்குத் தயாராகிவிடும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் படியுங்கள். (பூட்டிய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டாம். அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத விஷவாயு ஆளையே கொல்லும்.) படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. எழுந்ததும் கொஞ்சம் வெளியே நடங்கள். மூடுபனி நாளிலும் வெளி வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். உடம்பின் கடிகாரத்துக்கு அது வேண்டும்.

டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும். ஒன்பது மணிக்குக் குடித்த டீயில் பாதி, இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும். ஊட்டியில் இருந்துகொண்டு டீயை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? மதியத்தோடு நிறுத்துங்கள், போதும்.

ஹாலைவிட்டு வெளியே வந்ததும் விடை ஞாபகம் வருகிறதா? அப்படியானால் அது மறதியில்லை, படபடப்பில் எடுக்க வரவில்லை. புத்தகத்தை மூடி, கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகுங்கள். ஹாலில் மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டு, தெரிந்த கேள்வியில் தொடங்குங்கள்.

தோழியிடம் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்வார். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே விடுதியில் யாரிடமாவது சொல்லிவிட்டு 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.