பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லை: சிறு கலையரங்கில் திரையிடல்

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் சிற்றூர் ஒன்றில் கலையரங்கம் நடத்துகிறோம். நீளம் 60 அடி, அகலம் 32 அடி, சமதளத் தரை, 3 அடி உயர மேடை, 120 பிளாஸ்டிக் நாற்காலிகள். மாதம் ஒரு படம், டிசம்பரில் சென்னையிலிருந்து ஒரு கச்சேரி நேரலை, ஒரு நாடகப் பதிவு என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருக்கிறோம். சோதனைக்கு ஒரு படம் போட்டுப் பார்த்தோம். வாடகைக்கு எடுத்த 3000 லூமென் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர், 16 அடி வெள்ளைத் துணித் திரை. படம் வெளிறிப் போனது. பாட்டும் பின்னணி இசையும் நன்றாகக் கேட்டன, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெரிய புரொஜெக்டர் வாங்க வேண்டுமா? நுழைவு இலவசம் என்பதால் அனுமதி தேவையில்லை என்கிறார்களே, சரியா?

பதில்: புரொஜெக்டர் இப்போதைக்கு வேண்டாம். அனுமதி கட்டாயம் வேண்டும். முதலில் வசனத்தைப் பார்ப்போம். மங்கலான படத்தைக்கூட ஊர் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

இசை கேட்டு வசனம் மட்டும் காணாமல் போனால் ஸ்பீக்கர்மீது பழி போடாதீர்கள். காரணம் அநேகமாக இணைப்பில்தான் இருக்கும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒற்றை ஸ்டீரியோ பின் வழியாக மிக்ஸரின் (ஒலிகளைக் கலக்கும் பெட்டி) மைக் சேனலுக்குக் கொடுத்திருந்தீர்களா? அந்தச் சேனல் மைக்குக்காகச் செய்யப்பட்டது. வரும் இரண்டு சிக்னலில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சத்தை மட்டும் பெருக்கும். வசனம் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் கழித்தால் பூஜ்யம். இசை இரு பக்கமும் வேறுவேறாக இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின் உள்ள ஒய் கேபிளை வாங்கி, மிக்ஸரில் இரண்டு லைன் சேனல்களில் செருகுங்கள். ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

ஒலியை ஹெட்போன் துளையில் எடுக்காமல் புரொஜெக்டரின் ஆடியோ அவுட்டிலிருந்தோ எச்.டி.எம்.ஐ. பிரிப்பானிலிருந்தோ (கேபிளில் வரும் ஒலியைத் தனியே எடுத்துத் தரும் சிறு பெட்டி) எடுத்திருந்தால் சந்தேகம் வேறு. படக்கோப்பில் 5.1 எனப்படும் ஆறு சேனல் ஒலித்தடம் இருக்கும்போது வசனம் நடு சேனலில் உட்கார்ந்திருக்கும். லேப்டாப் ஆறு சேனலையும் அனுப்ப, பிரிப்பான் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் நடு சேனல் வழியிலேயே விழுந்துவிடும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் அந்த வெளியீட்டை ஸ்டீரியோவாக மாற்றுங்கள். படம் தருபவரிடம் ஸ்டீரியோ தடத்தையும் சேர்த்துத் தரச் சொல்வது இன்னும் நல்லது. குறை எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரே வசனக் காட்சியை லேப்டாப்பில் நேரடியாக ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். அங்கே தெளிவாக இருந்து அரங்கில் இல்லையென்றால், லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் இடையில்தான் திருடன்.

அடுத்தது எதிரொலி. வெற்றுச் சுவரும் தகரக் கதவுமாக இருக்கும் அரங்கில் பின்சுவர்தான் முதல் எதிரி. பவானி ஜமுக்காளம் நான்கைந்தைப் பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டித் தொங்குவதைவிட, இடைவெளி விட்டுத் தொங்கும் துணி ஒலியை அதிகம் உறிஞ்சும். ஸ்பீக்கர்கள் திரையின் இரு பக்கமும் தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் நின்று, கடைசி வரிசைக்கு மூன்று வரிசை முன்னால் உள்ள இடத்தைப் பார்க்கட்டும். சத்தம் போதவில்லை என்று பக்கச் சுவரிலோ பின்னாலோ கூடுதல் ஸ்பீக்கர் வைத்துவிடாதீர்கள். பின்னால் உட்கார்ந்தவருக்குத் திரைப் பக்கத்துக் குரல் வந்து சேர்வதற்கு முன்பே முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். மைக் செட்காரர் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் பேஸைத் தூக்கி வைத்திருப்பார். அதை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. காலி அரங்கில் எதிரொலி அதிகமாகவே இருக்கும், ஆட்கள் நிறைந்ததும் குறையும். காலியாக இருக்கும்போது கேட்டதை வைத்துக் கடைசி முடிவு எடுக்க வேண்டாம்.

உதட்டசைவுக்கு முன்பே குரல் வந்தால் புரொஜெக்டர் படத்தைப் பக்குவப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். வி.எல்.சி. பிளேயரில் கே எழுத்தை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி தள்ளிப் போகும், ஜே எழுத்து முன்னே இழுக்கும். இதை நடு வரிசையில் நின்று சரிபாருங்கள். ஒலி 12 மீட்டர் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போக ஏறக்குறைய 35 மில்லி விநாடி ஆகிறது. திரைக்குப் பக்கத்தில் நின்று சரிசெய்தால் பின்வரிசைக்குப் பிசகும்.

இனி படம் வெளிறிய கணக்கு. இருட்டான அரங்கில் திரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 16 லூமென் விழுந்தால் படம் திருத்தமாக இருக்கும். உங்கள் 16 அடித் திரை 16:9 விகிதத்தில் 9 அடி உயரம், அதாவது 144 சதுர அடி. தேவை சுமார் 2300 லூமென். பெட்டியில் 3000 என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அது நிறம் பச்சையடிக்கும் மிகைவெளிச்ச நிலையில் அளந்தது. சினிமா நிலைக்கு மாற்றினால் 1600 அளவுக்கு இறங்கும், விளக்கு பழசானால் இன்னும் குறையும். போதாக்குறைக்கு மெல்லிய வெள்ளைத் துணி கணிசமான வெளிச்சத்தைப் பின்பக்கம் கசியவிடுகிறது.

எனவே திரையைச் சின்னதாக்குங்கள். 12 அடி அகலம், 6¾ அடி உயரம் என்றால் 81 சதுர அடிதான். அதே புரொஜெக்டரில் வெளிச்சம் ஏறக்குறைய 1.8 மடங்கு கூடிவிடும். துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் கசிவு நிற்கும், நான்கு ஓரமும் அரை அடிக் கறுப்புப் பட்டை வைத்தால் படம் கூர்மையாகத் தெரியும். பணம் இருந்தால் பி.வி.சி. மேட் வெள்ளைத் திரை வாங்கலாம். ஜன்னல் இடுக்குகளை அடைக்காமல் மாலை ஆறு மணிக்குள் படம் போட்டால் எந்தக் கணக்கும் உதவாது.

திரை சுருங்கினால் பின்வரிசைக்குத் தெரியுமா? சப்டைட்டில் படிக்கக் கடைசி இருக்கை திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தொலைவுக்குள் இருக்க வேண்டும், இங்கே 40 அடி. முதல் வரிசையைத் திரையிலிருந்து 12 அடியில் போட்டு, வரிசைக்கு 3 அடி விட்டால் பத்தாவது வரிசை 39 அடியில் வரும். வரிசைக்கு 12 நாற்காலி, நடுவில் 4 அடி வழி விட்டு ஆறு ஆறாக. 120 பேரும் அடங்கிவிடுவார்கள். பின்னால் மிஞ்சும் 20 அடி டீ மேசைக்கும் செருப்புக்கும். அரங்கம் 60 அடி என்பதற்காக 60 அடிக்கும் நாற்காலி போட்டதுதான் பெரிய திரை தேவைப்பட்டதற்கு மூல காரணம். சமதளத் தரை என்பதால் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடிக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் சப்டைட்டிலை முன்வரிசைக் கொண்டைகள் மறைக்கும்.

புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்ற எண்) 1.5 என்றால் 12 அடித் திரைக்கு 18 அடி தள்ளி வைக்க வேண்டும். அது உட்காரும் இடத்துக்கு நடுவில் வரும். நடு வழியில் மேசை போட்டால் காற்றாடிச் சத்தம் பக்கத்து நாற்காலிக்காரரைப் படுத்தும், பிள்ளைகள் ஒயரைத் தட்டிவிடுவார்கள். உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவதே நல்லது. படம் சரிவகமாக விழுந்தால் சரிவகத்தைச் செவ்வகமாக்கும் கீஸ்டோன் பொத்தானை அழுத்த எல்லோருக்கும் கை போகும். அது படத்தை நெளித்துத் தெளிவைத் தின்னும். திரையின் மேல்விளிம்பு உயரத்துக்கு லென்ஸ் வரும்படி நேராக மாட்டுவதே முறை. 10 மீட்டருக்கு மேல் எச்.டி.எம்.ஐ. கேபிள் போனால் சாதாரணச் செம்புக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரும், ஆப்டிகல் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்பிளே என்றும் எழுதியிருக்கும், மாற்றி மாட்டினால் ஒன்றும் வராது.

அனுமதிக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை உரிமையாளருக்கு உரியது. டிக்கெட் உண்டா இல்லையா என்பது அதை மாற்றாது. உங்கள் ஓ.டி.டி. சந்தா வீட்டில் பார்ப்பதற்கு, 120 பேருக்கு அல்ல. பிளூரே தட்டும் அப்படியே. தமிழ்ப் படங்களில் இன்னொரு சிக்கல்: டைட்டிலில் பெயர் உள்ள தயாரிப்பாளர் நெகட்டிவ் உரிமையை (படத்தின் முழு உரிமை) எப்போதோ விற்றிருப்பார். அதனால் "இப்போது திரையிடல் உரிமை யாரிடம்?" என்பதே கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும். தேதி, ஊர், இருக்கை எண்ணிக்கை, கட்டணம் உண்டா, எத்தனை காட்சி, எந்த வடிவில் கோப்பு வேண்டும் என்பவற்றை எழுதி ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள். வாய்மொழிச் சம்மதம் போதாது, மின்னஞ்சலாவது கையில் வேண்டும். தியேட்டர்களுக்குப் போகும் டி.சி.பி. வடிவம் உங்களுக்கு உதவாது. அதைத் திறக்கத் தனி சர்வர் வேண்டும், பூட்டிய கோப்பு என்றால் அந்த சர்வருக்கும் அந்த நாட்களுக்கும் மட்டுமான சாவியும் வேண்டும். லேப்டாப்பிலேயே ஓடும் சாதாரண எச்.264 வீடியோ கோப்பு கேளுங்கள்.

படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வெளியான படத்துக்கு 2020 டிசம்பருடன் முடிந்தது. ஆனால் கதை, பாடல்களின் உரிமை அவற்றை எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை தனியாக நீளும். பழைய படம் என்பதாலேயே கேள்வி கேட்பாரில்லை என்று நினைக்க வேண்டாம். தொடங்க எளிய வழி, ஆவணப்பட, குறும்பட இயக்குநர்களிடம் நேரடியாகக் கேட்பது. அவர்கள் தயங்காமல் கொடுப்பார்கள், சிலர் வந்து பேசவும் செய்வார்கள். திரைப்படச் சங்கமாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் 1959இல் சத்யஜித் ராய் முதல் தலைவராக இருந்து தொடங்கிய இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை அணுகலாம். அரங்கத்துக்கான உரிமம் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தணிக்கைச் சான்றிதழ் உள்ள படமாகவே தேர்ந்தெடுங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்த எண்ணை நோட்டீஸிலேயே போட்டால் வாசலில் தகராறு வராது.

நாடகமும் கச்சேரியும் வேறு ஜாதி வேலை. மேடைக் கலைஞருக்கும் தம் நிகழ்த்துதல்மீது சட்டப்படி உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு. சபாவின் சம்மதம் மட்டும் போதாது, பாடகர், பக்கவாத்தியக்காரர் எல்லோர் சம்மதமும் அதில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நாடகப் பதிவு ஒரே கேமராவில் தூரத்திலிருந்து எடுத்ததென்றால் 12 அடித் திரையில் நடிகர்கள் சுண்டுவிரல் உயரம்தான் தெரிவார்கள். குறைந்தது இரண்டு கேமரா, மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த ஒலி, இவை உள்ள பதிவை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் "நேரலை" என்ற சொல்லைக் கவனமாகப் போடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா 2006இலும் லண்டன் நேஷனல் தியேட்டர் 2009இலும் அரங்குகளுக்கு நேரலை அனுப்பத் தொடங்கின. லண்டனில் மாலை 7 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 11:30, குளிர்காலத்தில் 12:30. மும்பை என்.சி.பி.ஏ. (தேசிய நிகழ்த்துகலை மையம்) போன்ற இடங்களில் நம்மவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பதிவைத்தான். அதில் குறையொன்றும் இல்லை, பதிவு என்று சொல்லிவிட்டால் போதும்.

சென்னைக் கச்சேரி மட்டும் நிஜ நேரலை. அதற்குச் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறங்காதீர்கள். நல்ல தரப் படத்துக்கு 6 முதல் 10 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்) இணைய வேகம் போதும், ஆனால் அது இரண்டரை மணி நேரம் அசையாமல் வர வேண்டும். 25 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பை ஒயர் வழியாக லேப்டாப்புக்கு நேராகக் கொடுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் உள்ள செல்போன் மாற்றாக மேசையில் இருக்கட்டும். அரங்கத்தின் வைஃபை கடவுச்சொல்லை அன்று யாருக்கும் சொல்லாதீர்கள், 120 செல்போன் சேர்ந்தால் ஃபைபரும் திணறும். சபாவிடம் முந்தின நாளே சோதனை இணைப்பு கேட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் போட, அனுமதி பெற்ற பழைய கச்சேரிப் பதிவு ஒன்று தனி பென்டிரைவில் இருக்கட்டும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரர் ஓடிப்போய்ப் போட அரை நிமிடமாவது ஆகும். அந்த இடைவெளியைத் தாங்க புரொஜெக்டர், லேப்டாப், மோடம் மூன்றும் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். விளக்கு வகைப் புரொஜெக்டர் திடீரென அணைந்தால் சூடு ஆறாமல் மறுபடி எரியாது, சில நிமிடம் இருட்டில் சமாளிக்க வேண்டிவரும். ஸ்பீக்கரில் ஊமென்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனைக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட், ஸ்கிரீன் சேவர், உறக்க நிலை, வாட்ஸ்அப் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். செயலாளரின் குடும்பக் குழுச் செய்தி 12 அடி அகலத்தில் தெரிய வேண்டியதில்லை.

நோட்டீஸில் படத்தின் பெயர், ஆண்டு, மொழி, சப்டைட்டில் மொழி, ஓடும் நேரம், இடைவேளை உண்டா, முடியும் நேரம் இவ்வளவும் வேண்டும். முடியும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். 20 நிமிட இடைவேளையோடு மூன்று மணி நேர நாடகத்தை 6:30க்குத் தொடங்கினால் முடிய 9:50 ஆகிவிடும். கடைசி டவுன் பஸ் 9:30க்கு என்றால், உச்சக் காட்சியில் பாதி அரங்கம் எழுந்து போகும். 5:45க்குத் தொடங்குங்கள், ஜன்னல் இடுக்குகளை மட்டும் அன்று மறக்காமல் அடைத்துவிடுங்கள்.